உயர்தர விடைத்தாளிலிருந்து பல்கலைக்கழகக் கட்டுரைக்கு

இலங்கையில் தமிழ்மொழி மூலம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றி, பல்கலைக்கழகக் கலைப்பீடங்களுக்குத் தெரிவாகும் மலையக மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கணினி கற்பிக்க வேண்டும் என்பதிலும் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தமிழில் எழுதக் கற்பிக்க வேண்டும் என்று சொன்னால் பெற்றோரும் ஆசிரியர்களும் மட்டுமன்றி, அந்த மாணவர்களுமே மனம் நோகிறார்கள். தமிழ்ப் பாடத்தில் 'ஏ' சித்தி பெற்ற பிள்ளைக்குத் தமிழில் எழுதத் தெரியாதா என்று கேட்கிறார்கள். தெரியும், மூன்று மணித்தியாலத்துக்குள் பரீட்சகர் எதிர்பார்க்கும் விடயங்களை எதிர்பார்க்கும் வடிவத்தில் எழுத மிக நன்றாகவே தெரியும். பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் கேட்கப்படும் எழுத்து முற்றிலும் வேறொன்று என்பதையும், அதற்கும் இதற்கும் இடையிலுள்ள தூரத்தைத் தாய்மொழி என்ற காரணத்தாலேயே எவரும் அளந்து பார்ப்பதில்லை என்பதையும் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

ஹட்டனை அண்டிய பாடசாலையொன்றில் நான் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பெறுபேறு வெளியாவதற்கும் பல்கலைக்கழக அனுமதி கிடைத்து விரிவுரைகள் தொடங்குவதற்கும் இடையே மாதக்கணக்கில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்தக் காலத்தில் சிலர் கொழும்பில் கடை வேலைக்குப் போகிறார்கள். சிலர் தோட்டத்துச் சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறார்கள். எஞ்சியவர்களில் விரும்பியோர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, ஒப்படை, அதாவது விரிவுரையாளர் கேட்கும் கட்டுரை, எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை என்னோடு சேர்ந்து பழகுகிறார்கள். அந்த வகுப்புக்கெனக் கையேடு தேடியபோது கிடைத்தவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதக் கற்கும் பிறமொழியாளருக்கானவை. அவற்றில் கட்டுரை அமைப்பைப் பற்றிச் சொல்லப்படுவனவும் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிச் சொல்லப்படுவனவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், தமிழில் எழுதப்போகும் மாணவருக்கு உரியதை மட்டும் பிரித்தெடுப்பது பெரும்பாடாக இருந்தது. எனக்குச் சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்தே உதவி கிடைத்தது. தாய்மொழியிலேயே உயர்நிலைப் பள்ளி முடித்து, தாய்மொழியிலேயே பல்கலைக்கழகக் கட்டுரை எழுத வேண்டிய சீன மாணவரின் நிலைதான் நமது நிலைக்கு மிக அருகில் இருக்கிறது. சீனம் எனக்குத் தெரியாது. அது பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றையே வாசிக்கிறேன்.

சீனாவின் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையான காவ்காவில் சீன மொழிப் பாடத்துக்கு 150 புள்ளிகள் உண்டு. அவற்றுள் 60 புள்ளிகள் ஒரேயொரு கட்டுரைக்கு உரியவை. வழமையாக அக்கட்டுரை 800 எழுத்துகளுக்குக் குறையக்கூடாது. இந்த ஒரு கட்டுரைக்காக மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தயாராகிறார்கள். நான்கெழுத்து மரபுத்தொடர்களை மனனம் செய்கிறார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் பொருத்திவிடக்கூடிய வரலாற்று மாந்தரின் கதைகளைச் சேகரித்து வைக்கிறார்கள். கொடுந்தண்டனைக்கு உள்ளான பின்னரும் தன் வரலாற்று நூலை எழுதி முடித்த சிமா சியென், ஆற்றில் உயிர்துறந்த கவிஞர் ச்சூ யுவான், அரசவையிலிருந்து தொலைவுக்கு அனுப்பப்பட்ட நிலையிலும் கவிதை எழுதிய சூ ஷி ஆகியோர் அத்தகைய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். விடாமுயற்சி என்றாலும் அவர்கள்தாம், நாட்டுப்பற்று என்றாலும் அவர்கள்தாம், தனிமை என்றாலும் அவர்கள்தாம். இதை வாசித்தபோது எங்கள் விடைத்தாள்கள் நினைவுக்கு வராமலில்லை. வாசிப்பின் பயன் என்றாலும் பெண் கல்வி என்றாலும் முதல் வரியில் ஒரு குறள், நடுவில் பாரதி, முடிவில் கணியன் பூங்குன்றனார் என்பது நமது பிள்ளைகளுக்கும் கைவந்த ஒழுங்குதான்.

அவ்வாறான பரீட்சையில் நாட்டிலேயே முன்னணியில் நின்றவர்கள் சென்று சேரும் இடங்களில் ஒன்று பெய்ஜிங்கிலுள்ள சிங்ஹுவா பல்கலைக்கழகம். அப்பல்கலைக்கழகம் 2018இல் முதலாண்டு மாணவருக்கென எழுத்தும் தொடர்பாடலும் என்ற பாடத்தை அறிமுகப்படுத்தி, அதைப் படிப்படியாக அனைவருக்கும் கட்டாயமாக்க முடிவெடுத்தது. அது இலக்கிய வகுப்பன்று. சிறு குழுக்களாகப் பிரிந்த மாணவர்கள் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, அது பற்றி வாசித்து, தமக்கென ஒரு வினாவை வகுத்து, நீண்ட கட்டுரையொன்றை எழுதி, ஆசிரியரிடம் நேரில் கருத்துக் கேட்டு, மீண்டும் எழுத வேண்டும். அப்பாடம் சீன மொழியிலேயே நடைபெறுகிறது. எழுதுபவரும் சீனர், வாசிப்பவரும் சீனர். எனினும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் செய்தியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1966இல் ரொபேர்ட் கப்லன் என்ற அமெரிக்க மொழியியலாளர் வெளியிட்ட கட்டுரையொன்று, ஆங்கிலப் பந்தியை நேர்கோடாகவும், 'கீழைத்தேயத்தவர்' என அவர் வகைப்படுத்திய மாணவரின் பந்தியை உள்நோக்கிச் சுழலும் சுருளாகவும் வரைந்து காட்டியது. அயல்நாட்டு மாணவர் ஆங்கிலத்தில் எழுதியவற்றை வைத்து வரையப்பட்ட படம் அது. பின்னர் பலரும் அதை மறுத்தார்கள். கப்லனே தன் நிலைப்பாட்டைத் தளர்த்திக்கொண்டார். ஆயினும் ஆசிய மாணவர் சுற்றி வளைத்தே எழுதுவார், அது அவர் பண்பாடு என்ற எண்ணம் ஆசிரிய அறைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. நமது சூழலில் அதே எண்ணம் வேறு வேடத்தில் வருகிறது: தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பின்னணி இல்லை, ஆதலால் அவர்களுக்கு ஆய்வு எழுத்து வராது என்கிறார்கள். சுற்றி எழுதுவது சீனப் பண்பாடாக இருந்தால், சீன விரிவுரையாளர் அதைக் கண்டு குறைப்பட வேண்டியதில்லை. அவருக்கும் அதுவே இயல்பாக இருந்திருக்கும். சிங்ஹுவாவில் எழுத்துக்கெனப் பாடமொன்றையே வைக்கும் அளவுக்கு அவர் குறைப்படுகிறார் என்பதிலிருந்தே, கோளாறு பண்பாட்டிலோ பிறப்பிலோ இல்லை, 17 வயதுவரை எழுதிப் பழகிய பரீட்சையில் இருக்கிறது என்பது தெளிவாகிறது. சீன மாணவரின் எழுத்துப் பழக்கத்தை விளக்க 1905இல் ஒழிக்கப்பட்ட பேரரசுக் காலத் தேர்வுமுறைவரை பின்னோக்கிச் செல்வோர் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. 60 புள்ளி தரும் ஒரு கட்டுரையே போதுமான விளக்கம்.

நமது உயர்தரப் பரீட்சை எதைப் பழக்குகிறது என்பதை ஆறுதலாகப் பார்க்க வேண்டும். புள்ளித் திட்டம் விடயங்களுக்குப் புள்ளி வழங்குகிறது. ஒரு வினாவுக்கு எட்டு விடயங்கள் எதிர்பார்க்கப்பட்டால், எட்டையும் எழுதியவருக்கு முழுப் புள்ளி; எந்த ஒழுங்கில் எழுதினார், இரண்டாவது விடயம் முதலாவதிலிருந்து எவ்வாறு பிறக்கிறது என்பவற்றுக்குத் தனியே பெரிதாக எதுவும் இல்லை. இதை நன்கு அறிந்த டியூஷன் ஆசிரியர் உபதலைப்புகளோடு நோட்ஸ் கொடுக்கிறார். கடந்தகால வினாத்தாள்களை வைத்து அதை மனனம் செய்விக்கிறார். பிள்ளை அதை வரி பிசகாமல் ஒப்புவிக்கும்போது பாராட்டுகிறார். இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியின் தசமத் தானங்கள் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நாட்டில், எந்த ஆசிரியரும் வேறு விதமாகக் கற்பிக்கத் துணியமாட்டார். நானும் பாடசாலை நேரத்தில் அவ்வாறே கற்பிக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கத்தோடு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர், தம் முதல் ஒப்படையில் ஒன்றன்பின் ஒன்றாக விடயங்களை அடுக்கி, 'மேலும்', 'அத்துடன்', 'அதுமட்டுமன்றி' என்ற சொற்களால் அவற்றைக் கோத்து ஒப்படைக்கிறார். திரும்பி வரும் தாளில் 'உங்கள் வாதம் என்ன?' என்று எழுதியிருப்பதைக் கண்டு திகைக்கிறார். எல்லா விடயங்களையும் எழுதியிருக்கிறேனே என்ற அவருடைய திகைப்பு உண்மையானது.

இதற்கு வகுப்பில் நான் செய்விக்கும் பயிற்சி எளிமையானது. மாணவர் எழுதிய கட்டுரையைப் பந்தி பந்தியாகக் கத்தரித்து, கலைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்கிறேன். எந்த ஒழுங்கில் வைத்தாலும் பொருந்துகிறது என்றால் அது இன்னும் பட்டியல்தான். ஒரே ஒழுங்கில்தான் வைக்க முடிகிறது, மாற்றினால் ஏதோ இடறுகிறது என்ற நிலை வரும்வரை, ஒவ்வொரு பந்தியும் அதற்கு முந்திய பந்திக்கு என்ன செய்கிறது, அதை விளக்குகிறதா, மறுக்கிறதா, எல்லைப்படுத்துகிறதா, விதிவிலக்கைக் காட்டுகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருத்துகிறோம். இலக்கண வகுப்பில் ஒருபோதும் வாய் திறவாத பிள்ளைகள் இந்தப் பயிற்சியில் சண்டைபோடும் அளவுக்குப் பேசுகிறார்கள்.

அடுத்தது நடை. ஹொங்கொங் மாணவரைப் பற்றி வாசித்ததில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தப் பகுதிதான். அங்கே வீட்டிலும் வகுப்பிலும் பேசப்படுவது கன்டோனீஸ். முறைசார்ந்த எழுத்தில் எதிர்பார்க்கப்படுவது வேறு இலக்கணமும் வேறு சொற்களும் கொண்ட பொதுச் சீன எழுத்துநடை. பேச்சுச் சொல் ஒன்று எழுத்தில் நுழைந்துவிட்டால் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிடுவார். தமிழருக்கு இதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பேசும் தமிழுக்கும் விடைத்தாளில் எழுதும் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவை நன்கு அறிந்த மலையகப் பிள்ளை, தன் பேச்சு எங்கேனும் எட்டிப் பார்த்துவிடுமோ என்ற அச்சத்தில் எதிர்ப்பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. அந்த ஓட்டத்தில் அகப்படுவனதாம் 'என்றால் மிகையாகாது', 'என்பது வெள்ளிடைமலை', 'யாவரும் அறிந்ததே', 'எவராலும் மறுக்க முடியாத உண்மை' போன்ற தொடர்கள். பாடசாலையில் இவை மொழிவளம் எனப்பட்டன. பல்கலைக்கழகத்தில் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியை வரவழைக்கிறது. யாவரும் அறிந்தது என்றால் எதற்காக எழுதுகிறீர்கள்? எவராலும் மறுக்க முடியாது என்றால், மறுத்தவர் எவரையும் நீங்கள் தேடிப் பார்த்தீர்களா?

ஆய்வு நடை என்றால் அரிய சொற்களால் ஆன நடை என்று மாணவர் நினைக்கிறார்கள். சில பல்கலைக்கழக வெளியீடுகளும் அவ்வாறே நினைக்கச் செய்கின்றன. நான் வற்புறுத்துவது அளவான கூற்றை மட்டுமே. தரவு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சொல்ல வேண்டும். 'எல்லாத் தோட்டங்களிலும்' என்று எழுதுமுன் தான் பார்த்தவை எத்தனை தோட்டங்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். 'நான் உரையாடியவர்களுள் பெரும்பாலானோர்' என்று எழுதுவது பலவீனமன்று. உண்மையில் அத்தகைய வாக்கியத்தைத்தான் விரிவுரையாளர் நம்புகிறார்.

இதை விளக்க எங்கள் பிள்ளைகளின் கட்டுரைகளில் மிக அதிகமாக வரும் வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன்: 'மலையக மக்கள் 200 ஆண்டுகளாகக் கொழுந்து பறித்து இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கி வருகின்றனர்.' உணர்ச்சியால் சரியான வாக்கியம். மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். கட்டுரையில் அதை அப்படியே விட முடியாது. 200 ஆண்டு என்ற கணக்கு, கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் அமைத்த கோப்பித் தோட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் அழைத்து வரப்பட்டதாகக் கொள்ளப்படும் 1823ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. 2023இல் அந்த நினைவு பரவலாக அனுட்டிக்கப்பட்டது. ஆனால் அது கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் வர்த்தக அளவில் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பிச் செடியை அழித்த இலைநோய் 1869இல் தென்பட்ட பின்னரே தேயிலை மலைகளெங்கும் பரவியது. ஆகவே கொழுந்து பறித்தலின் வயது சுமார் ஒன்றரை நூற்றாண்டு. ஒரு வாக்கியத்தை இவ்வாறு இரண்டாகப் பிரித்தவுடன், கோப்பிக் காலத்தில் வந்து அறுவடை முடிந்ததும் திரும்பியவர்களுக்கும் தேயிலைக் காலத்தில் குடும்பத்தோடு வந்து தங்கியவர்களுக்கும் என்ன வேறுபாடு, நிரந்தரக் குடியிருப்பாக லயம் எப்போது உறுதிப்பட்டது என்று உண்மையான வினாக்கள் தாமாகவே எழுகின்றன. அலங்கார வாக்கியம் மூடி வைத்திருந்த கட்டுரை அதற்குள்தான் இருந்தது.

எண்களும் அப்படித்தான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மலையகத் தமிழர் 4.1 சதவீதம் என்று மாணவர் எழுதுகிறார்கள். மதிப்பீட்டில் உள்ள வகைப்பாடு 'இந்தியத் தமிழர்' என்பது. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து தனியே எண்ணப்பட்டுவரும் இந்த வகையில் மலையகத்தார் எல்லோரும் தம்மைப் பதிவதில்லை. பலர் 'இலங்கைத் தமிழர்' என்றே பதிகிறார்கள். எங்கள் வகுப்பிலேயே ஒரே லயத்து அண்ணனும் தம்பியும் வெவ்வேறு பிறப்புச் சான்றிதழ் வகைகளோடு இருப்பதைப் பிள்ளைகள் தாமே எடுத்துச் சொன்னார்கள். எனவே 4.1 என்ற எண் பிழையன்று. அது எதை எண்ணுகிறது என்று ஒரு வரி எழுதாமல் விடுவதுதான் பிழை. புள்ளிவிவரத்தை எடுத்தாள்வது வேறு, அதை விசாரிப்பது வேறு என்பதை இதைவிட எளிதாகக் காட்ட எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. இந்த இடத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு வேறெவருக்கும் இல்லாத ஒரு வாய்ப்பும் உண்டு: அச்சிட்ட எண்ணுக்கும் வீட்டில் உள்ள பத்திரத்துக்கும் இடையிலுள்ள முரணை அவரால் நேரிலேயே காண முடிகிறது.

தலைப்பை வினாவாக மாற்றுவதும் இதே வழியில் நடக்கிறது. 'தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளரின் பிரச்சினைகள்' என்று ஒரு மாணவி எழுதி வருகிறார். அது ஒரு நூலகத்தின் ஓர் அடுக்கையே நிரப்பக்கூடிய தலைப்பு. 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1000 ரூபாவாக ஆக்கப்பட்டது. அதற்குப் பின்னர் உங்கள் தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்கு, அதாவது ஒரு நாளின் முழுச் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்து கேட்கிறார்கள், முன்னர் எத்தனை கேட்டார்கள், பாதிச் சம்பளமே கிடைக்கும் அரைப்பேர் விழும் நாட்கள் கூடினவா குறைந்தனவா என்று கேட்டால், அவருக்கு உடனே அம்மாவின் சம்பளச் சிட்டைகள் நினைவுக்கு வருகின்றன. தரவு வீட்டிலேயே தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த வினாவுக்கான விடை எனக்கும் தெரியாது என்று சொல்லும்போதுதான் மாணவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆசிரியருக்குத் தெரிந்த விடையை அவருக்கே திருப்பிக் கொடுப்பது என்ற பதின்மூன்று வருடப் பழக்கம் அந்த இடத்தில்தான் முறிகிறது.

ஹொங்கொங்கில் 2012இல் கல்விமுறையை மாற்றியபோது, மேல்நிலைக் கல்வியில் ஓராண்டைக் குறைத்துப் பல்கலைக்கழகப் படிப்பை மூன்று ஆண்டுகளிலிருந்து நான்காக நீட்டினார்கள். கூடிய ஓராண்டில் மொழிக்கும் பொதுக் கல்விக்கும் இடம் கிடைத்தது. பாடசாலையிலேயே பொது அறிவுசார் கட்டாய பாடமொன்றின் பகுதியாக ஒவ்வொரு மாணவரும் தனித்து ஒரு சிறு ஆய்வைச் செய்து ஒப்படைக்க வேண்டியும் இருந்தது. 2021இல் அந்தப் பாடத்துக்குப் பதிலாக வேறு பாடம் வந்தபோது அந்த ஆய்வும் போயிற்று. அதைப் பெரும் சுமையென்று ஆசிரியர்கள் முறையிட்டதுண்டு. சுமைதான், எனினும் விடை முன்கூட்டியே இல்லாத ஒரு வினாவை 17 வயதில் ஒருமுறையேனும் சந்தித்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

பிறர் எழுத்தை எடுத்தாள்வது குறித்து நீளமாகவே பேச வேண்டும். பார்த்தெழுதுவது களவு என்று முதல் வகுப்பிலேயே அச்சுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சீன மாணவர் மேற்கோள் குறியின்றிப் பிறர் வரிகளை எழுதினால் அது மூத்தோரை மதிக்கும் பண்பாட்டின் விளைவு என்று விளக்குவோர் உண்டு. அதையும் நான் ஏற்பதில்லை. மனனம் செய்த நோட்ஸை வரிக்கு வரி எழுதியதற்காக முழுப் புள்ளியும் பரிசும் பெற்ற பிள்ளைக்கு, அதே செயல் அடுத்த ஆண்டு குற்றமாகிவிடும் என்பதை எவரேனும் காரணத்தோடு சொல்லியிருக்க வேண்டும். காரணம் இதுதான்: பரீட்சகருக்கு நோட்ஸ் எங்கிருந்து வந்தது என்பதில் அக்கறை இல்லை; ஆய்வு வாசகருக்கோ, ஒவ்வொரு கூற்றையும் தாமே தேடிச் சரிபார்க்கும் வழி வேண்டும். உசாத்துணை என்பது நன்றி தெரிவிக்கும் பகுதியன்று, சரிபார்ப்பதற்கான வழி என்று விளங்கிவிட்டால், ஆண்டும் பக்க எண்ணும் ஏன் கேட்கப்படுகின்றன என்பதைப் பிள்ளைகள் தாமே சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் பயிற்சி நேரானது. ஒரு பக்கத்தை வாசித்து, புத்தகத்தை மூடி, அதில் சொல்லப்பட்டதை மூன்று வாக்கியங்களில் எழுத வேண்டும். பின்னர் திறந்து ஒப்பிட வேண்டும். முதல் வாரங்களில் மூல வரிகளே நினைவிலிருந்து வந்து விழுகின்றன, அவ்வளவு பழகிய நினைவு. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சுருக்கம் கேட்பவர்களுக்கு நான் தடை சொல்வதில்லை. அது கொடுக்கும் நூற்பெயர்களை நூலகத்தில் தேடி எடுத்து வரும்படி மட்டும் சொல்கிறேன். இல்லாத நூலைத் தேடிக் களைத்தவருக்கு மேலும் அறிவுரை தேவைப்படுவதில்லை.

நூலகம் என்றதும் தோட்டத்துப் பிள்ளை எங்கே போவது என்று கேட்பார்கள். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிமத் தளத்தில் ஈழத்து நூல்களும், இதழ்களும், பழைய பத்திரிகைகளும் மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலையக எழுத்துகளும் அவற்றுள் அடக்கம். கைத்தொலைபேசியில் சமிக்ஞை கிடைக்கும் மேட்டில் நின்று தரவிறக்கிக்கொண்டால் போதும். பேராதனைக்குப் போன பின்னர் அங்குள்ள பெரிய நூலகம் கிடைக்கும். அதற்கு முன் எதுவுமே இல்லை என்று சொல்லும் காலம் கடந்துவிட்டது.

உசாத்துணைப் பட்டியலில் பெயரெழுதும் சிக்கலைச் சிறியதென்று ஒதுக்கிவிடலாகாது. சீனாவில் உசாத்துணைக்கெனத் தேசிய நியமமே உண்டு. 1987இல் வெளியாகி 2005இலும் 2015இலும் திருத்தப்பட்டது. சீனப் பெயரில் குடும்பப்பெயர் இயல்பாகவே முன்னால் நிற்பதால், சீன எழுத்தில் பட்டியலிடும்போது பெயரைத் திருப்பிப்போட வேண்டிய தேவையே எழுவதில்லை. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தாம். க. கைலாசபதி என்பதைக் 'கைலாசபதி, க.' என்று எழுதுவது தடையின்றி நடக்கிறது. ஆனால் ஆங்கில முறையை இயந்திரமாகப் பின்பற்றி இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொண்டால், சித்திரலேகா மௌனகுருவும் சி. மௌனகுருவும் பட்டியலில் 'மௌனகுரு, சி.' என்று ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ஒருவர் பெண்ணிய ஆய்வாளர், மற்றவர் அரங்கியல் ஆய்வாளர்; இருவரையும் எடுத்தாளும் கட்டுரையில் வாசகர் எவரைத் தேடுவார்? தமிழ்க் கட்டுரையில் முழுப்பெயரையும் எழுதிவிடுங்கள் என்பதே நான் சொல்லும் தீர்வு. துறை வேறு முறையைக் கேட்டால், அதைப் பின்பற்றிவிட்டு, குழப்பம் வரும் இடத்தில் மட்டும் பெயரை விரித்தெழுதலாம்.

திருத்தி எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கிறது. பரீட்சையில் இரண்டாம் படி என்று ஒன்று இல்லை. மணி அடித்ததும் தாள் போய்விடும். ஆதலால் முதலில் எழுதியதே முடிவானது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. திருத்தச் சொன்னால் எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறார்கள். சிங்ஹுவாவின் பாடம் முதல் வரைவு, நேர்முக உரையாடல், மறுவரைவு என்ற படிமுறையில் அமைந்திருப்பதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அங்கே அதற்கெனத் தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இங்கே நான் ஒருவன் என்பதால், மாணவர் ஒருவருக்கொருவர் வாசகராகிறார்கள். 'இந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை' என்று மட்டுமே சொல்லலாம், 'நன்று' என்று சொல்லக்கூடாது என்பது விதி.

உயர்தர ஆசிரியர்களுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். தவணைக்கு ஒருமுறை ஒரு பாடவேளை கிடைத்தாலும் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை எல்லாப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். இலங்கையில் நாடற்றவராகக் கணிக்கப்பட்ட இந்திய வம்சாவளியினர் 975,000 பேர்; அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகியது. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தால், கூட்டிப் பார்த்து 150,000 குறைகிறதே என்று யாரேனும் கேட்பார். அந்த மிகுதிப் பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க உடன்பட்டது 1974இல். இடையிலிருந்த பத்து ஆண்டுகளும் அந்த 150,000 பேர் எந்தக் கணக்கில் இருந்தார்கள், வாக்கும் கடவுச்சீட்டும் பங்கீட்டு அட்டையும் அவர்களுக்கு எவ்வாறிருந்தன, தம் பெயர் அந்தத் தொகையில் அடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று பிள்ளைகளையே கேள்வி எழுதச் சொல்லலாம். நோட்ஸில் அதற்கு விடை இல்லை; வீட்டிலுள்ள பாட்டனிடமோ பாட்டியிடமோ கேட்டுவிட்டு, அடுத்த வாரம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும்.